கொதிநீர் நிலத்தில் ஒரு பகல்: யெல்லோஸ்டோனை வழிகாட்டியுடன் காணுதல்

கொதிக்கும் நீரை இடைவெளி விட்டு விட்டு உயரப் பீய்ச்சியடிக்கும் ஊற்று கெய்சர் எனப்படுகிறது. உலகம் முழுவதிலும் இத்தகைய ஊற்றுகள் ஏறத்தாழ ஆயிரம்தான் இயங்குகின்றன என்பதும், அவற்றில் பாதி அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன என்பதும் அந்நிலத்தின் தனிச்சிறப்பை உணர்த்தப் போதுமானவை. பெரும்பகுதி வயோமிங் மாநிலத்திலும் சிறுபகுதிகள் மொண்டானா, ஐடஹோ மாநிலங்களிலுமாக ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும் இப்பூங்காவில், வெந்நீர் ஊற்றுகள், கொதிசேற்றுக் குழிகள், நீராவித் துளைகள் எல்லாம் சேர்த்து 10,000-க்கும் மேற்பட்ட புவிவெப்ப அமைப்புகள் உள்ளன. 1872 மார்ச் 1 அன்று அதிபர் யுலிஸிஸ் கிராண்ட் கையொப்பமிட்ட சட்டத்தால் இது உலகின் முதல் தேசியப் பூங்காவானது. அச்சட்டத்துக்கு உந்துதலாக இருந்தவற்றுள் முதன்மையானவை இந்தக் கொதிநீர் அதிசயங்களே.

2024-ஆம் ஆண்டில் 47 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துசென்ற இப்பூங்காவில் பலர் செலவிடுவது ஒரே ஒரு பகல்தான். அப்பகலைப் பயனுள்ளதாக்கும் வழிகளுள் ஒன்றாக, பத்துப் பதினைந்து பேருக்கு மிகாத சிறு குழுவை ஒரே வேனில் ஏற்றி, பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் நாள் முழுவதும் உடனிருந்து விளக்கிச் செல்லும் சுற்றுலா இருக்கிறது. இத்தகைய பயணத்தின் மதிப்பு எத்தனை இடங்களைக் காட்டுகிறது என்பதில் இல்லை. வெப்பமும் நீரும் பாறையும் மிக நுட்பமான சமநிலையில் நிற்பதால் உண்டான நிலம் இது என்பதையும், மனிதக் கை படாமல் விடப்பட்டதால்தான் இன்றும் உயிரோடிருக்கிறது என்பதையும் பயணிக்கு எவ்வளவு தெளிவாக உணர்த்துகிறது என்பதே அதன் உண்மையான அளவுகோல்.

நிலத்தடியில் நடப்பது

யெல்லோஸ்டோனின் நடுப்பகுதி ஒரு கால்டெரா. பெரும் எரிமலை வெடிப்பில் நிலத்தடிப் பாறைக்குழம்பு ஏராளமாக வெளியேறிய பின், அதைத் தாங்கியிருந்த மேல்தளம் உள்ளே சரிந்து விழுவதால் உருவாகும் மாபெரும் பள்ளமே கால்டெரா எனப்படுகிறது. சுமார் 21 லட்சம், 13 லட்சம், 6,31,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே மூன்று பெருவெடிப்புகள் நிகழ்ந்தன. அவற்றில் கடைசி வெடிப்பு விட்டுச்சென்ற பள்ளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் உடையது. பின்னர் பொங்கிய எரிமலைக் குழம்பு அப்பள்ளத்தைப் பெருமளவு நிரப்பிவிட்டதாலும், அதன் மீது காடு வளர்ந்துவிட்டதாலும், எரிமலையின் வாய்க்குள்ளேயே சாலை செல்கிறது என்பதை யாரேனும் எடுத்துச் சொன்னாலொழியப் பயணி அறிய வழியில்லை. கடைசியாக எரிமலைக் குழம்பு வழிந்து ஏறத்தாழ 70,000 ஆண்டுகள் ஆகின்றன.

ஆயினும் நிலத்தடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில், பகுதி உருகிய நிலையில் பாறைக்குழம்பு இன்றும் இருக்கிறது. மலைகளில் பொழியும் மழையும் உருகும் பனியும் பாறைப் பிளவுகள் வழியாகக் கீழிறங்கி, அந்த வெப்பத்தால் சூடேறி, மீண்டும் மேல்நோக்கி எழுகின்றன. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் இங்கே தரைமட்டத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. ஆழத்திலோ, மூடிய பிரஷர் குக்கருக்குள் நடப்பதைப் போல, மேலிருக்கும் நீரின் அழுத்தத்தால் கொதிநிலை உயர்ந்து, தண்ணீர் அதைவிட மிகுந்த வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு நீராகவே நிற்கிறது.

வெந்நீர் ஊற்றில் இந்த நீர் தடையின்றி மேலெழுந்து, குளிர்ந்து, சுழன்று இறங்குவதால் வெடிப்பு நிகழ்வதில்லை. கெய்சரிலோ நீர் வரும் வழியில் ஒரு குறுக்கம் இருக்கிறது. அந்தக் குறுக்கத்துக்குக் கீழே அடைபட்ட சூடான நீரில் நீராவிக் குமிழ்கள் பெருகி, மேலிருக்கும் நீரில் சிறிதளவை வெளியே தள்ளுகின்றன. அவ்வளவு நீர் வெளியேறியதுமே அழுத்தம் சட்டென்று குறைய, ஆழத்து நீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பன்மடங்கு விரிந்து, எஞ்சிய நீரையெல்லாம் வானை நோக்கி வீசுகிறது. இந்த அழுத்தத்தைத் தாங்கும் குழாயையும் நீரே அமைத்துக்கொள்கிறது. இப்பகுதியின் ரயோலைட் என்னும் எரிமலைப் பாறையில் மிகுந்திருக்கும் சிலிக்காவை வெந்நீர் கரைத்துக் கொண்டுவந்து, வரும் வழியெங்கும் கெட்டியான பூச்சாகப் படியவைக்கிறது.

பயணத்தின் அமைப்பு

பூங்காவின் முதன்மைச் சாலை எட்டு என்ற எண்ணின் வடிவில் இரு வளையங்களாக அமைந்திருக்கிறது. புவிவெப்ப இடங்களில் பெரும்பாலானவை கீழ் வளையத்தில் இருப்பதால் ஒரு நாள் சுற்றுலாக்கள் அதையே தேர்ந்தெடுக்கின்றன. அதன் சுற்று மட்டும் ஏறத்தாழ 155 கிலோமீட்டர். மேற்கு நுழைவாயிலை ஒட்டிய வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற சிற்றூரிலிருந்து விடியற்காலையில் புறப்படும் வேன், மேடிசன் ஆற்றங்கரை வழியாக மேடிசன் சந்திப்பை அடைந்து, தெற்கே திரும்பி ஃபயர்ஹோல் ஆற்றைப் பின்தொடர்கிறது. வணிக நோக்கில் வழிகாட்டுவோர் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி பெற்றே இத்தொழிலைச் செய்ய முடியும்.

விடியலில் புறப்படுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. கோடைக்காலத்தில் காலை பத்து மணிக்குள் வாகன நிறுத்தங்கள் நிரம்பத் தொடங்கிவிடுகின்றன என்பது முதலாவது. குளிர்ந்த காலைக் காற்றில் நீராவி அடர்ந்து எழுவதால் எங்கெங்கே நிலம் மூச்சுவிடுகிறது என்பதைத் தொலைவிலிருந்தே காணலாம் என்பது இரண்டாவது. அதே நீராவி பெரிய குளங்களின் நிறங்களை மறைத்துவிடும் என்பதையும் அறிந்த வழிகாட்டி, கெய்சர்களைக் காலையிலும் நிறமுள்ள ஊற்றுகளை வெயில் ஏறிய பின்பும் காட்டும்படி நாளை வகுத்துக்கொள்கிறார். சாலைகள் பொதுவாக ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையே வாகனங்களுக்குத் திறந்திருக்கும். கடும் பனிக்காலத்தில் பனிமேல் ஓடும் சிறப்பு வாகனங்களில்தான் உட்பகுதிக்குச் செல்ல முடியும்.

நான்கு வடிவங்களும் ஓரிடத்தில்

கீழ்க் கெய்சர் படுகையில் உள்ள ஃபவுண்டன் பெயின்ட் பாட் என்ற இடம் முதல் பாடத்துக்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் வெந்நீர் ஊற்று, கெய்சர், கொதிசேற்றுக் குழி, நீராவித் துளை ஆகிய நான்கு வடிவங்களையும் அரை மணி நேர நடையில் அங்கே அடுத்தடுத்துக் காணலாம். நீர் மிகுந்த தாழ்வான பகுதியில் ஊற்றும் கெய்சரும் அமைகின்றன. நீர் அருகிய மேட்டில், மேலே வருவதற்குள் எல்லாம் ஆவியாகிவிட, சீறும் நீராவித் துளை மட்டுமே எஞ்சுகிறது.

இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே கொதிசேற்றுக் குழி. நிலத்தடியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் சில நுண்ணுயிர்கள் ஆற்றல் மூலமாகக் கொள்ள, அதிலிருந்து உருவாகும் கந்தக அமிலம் சுற்றியிருக்கும் பாறையை அரித்துக் களிமண்ணாக்குகிறது. அழுகிய முட்டையை ஒத்த நாற்றமும் அந்த வாயுவினுடையதே. அருகிலிருந்து பார்த்தால், வெளிர்சாம்பலும் இளஞ்சிவப்புமான கூழ் மெல்ல உப்பி, மேல்தோல் மெலிந்து, மந்தமான ஓசையுடன் உடைந்து, தெறித்த துளிகள் விளிம்பில் வளையமாக ஒட்டிக்கொள்வதைக் காணலாம். சிவப்புச் சாயல் இரும்பு ஆக்சைடால் வருவது. கோடையின் தொடக்கத்தில் உருகிய பனிநீரால் நெகிழ்ந்து கொதிக்கும் இச்சேறு, கோடை முடியும்போது இறுகிக் குழைவதால், ஒரே குழி மாதத்துக்கு மாதம் வேறு தோற்றம் காட்டுகிறது. அருகில் பட்டுப்போய் நிற்கும் பைன் மரங்களின் அடிப்பகுதி மட்டும் வெளுத்திருப்பது, அவை உறிஞ்சிய வெந்நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் படிந்ததன் அடையாளம்.

நிறங்களின் காரணம்

சாலை வரிசையில் அடுத்து வரும் நடுக் கெய்சர் படுகையில்தான் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற வெந்நீர்க் குளம் இருக்கிறது. ஏறத்தாழ 100 மீட்டர் அகலமும் 37 மீட்டர் ஆழமும் கொண்ட இது அமெரிக்காவிலேயே மிகப் பெரிய வெந்நீர் ஊற்று. ஆழ்ந்த நீலமான நடுப்பகுதியைச் சுற்றி மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு வளையங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக விரிகின்றன. நடுவிலுள்ள நீலம் தெளிந்த ஆழ்நீர் ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. சுற்றியுள்ள வளையங்களோ உயிருள்ளவை. ஒளியிலிருந்து உணவு ஆக்கிக்கொள்ளும் நுண்ணுயிர்களால் சுமார் 73 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் வாழ முடியும் என்பதால், நடுவிலிருந்து வழியும் நீர் அந்த அளவுக்குக் குளிர்ந்த இடத்தில் மஞ்சள் தொடங்குகிறது. மேலும் குளிரக் குளிர வேறு இனங்கள் குடியேறி, அவற்றின் நிறமிகளுக்கு ஏற்பச் செம்மஞ்சளும் பழுப்பும் தோன்றுகின்றன. இதை அறிந்தவருக்கு, நிறத்தைக் கொண்டே நீரின் வெப்பத்தைக் கணிக்கும் வெப்பமானியாக அக்குளம் பயன்படும். மரப்பலகை நடைபாதையிலிருந்து குனிந்து நோக்கினால், ஈரத் தோலைப் போல மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் நுண்ணுயிர்ப் படலத்தின் மீது விரல் கனமே உள்ள நீர் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஒருவர் கால் வைத்தால் அந்தத் தடம் நெடுங்காலம் மறையாது.

இந்த நுண்ணுயிர்களுள் ஒன்று உலக மருத்துவத்தையே மாற்றியது. கீழ்க் கெய்சர் படுகையின் மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றிலிருந்து 1966-இல் எடுத்த மாதிரியில், சுமார் 70 டிகிரி வெப்பத்தில் செழித்து வளரும் பாக்டீரியா ஒன்றைத் தாமஸ் பிராக், ஹட்சன் ஃப்ரீஸ் ஆகிய இருவரும் கண்டறிந்து, தெர்மஸ் அக்வாட்டிகஸ் எனப் பெயரிட்டு 1969-இல் வெளியிட்டனர். கேரி முல்லிஸ் 1983-இல் உருவாக்கிய பி.சி.ஆர். முறை, ஒரு துளி மரபணுப் பொருளை மீண்டும் மீண்டும் சூடாக்கிக் குளிர்வித்துக் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்குவது. ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் சாதாரண நொதி சிதைந்துவிட, இந்தப் பாக்டீரியாவின் டாக் பாலிமரேஸ் என்ற நொதி மட்டும் சிதையாமல் தாங்கியதால் அம்முறை எங்கும் பரவியது. முல்லிஸுக்கு 1993-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா காலத்தில் தமிழகத்தின் ஊர்கள்தோறும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் செய்யப்பட்ட ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையும் இந்த வழியில் வந்ததுதான். யாருக்கும் பயன்படாது என்று கருதப்பட்ட ஒரு வெந்நீர்க் குட்டையைக் குளியல் தொட்டியாகவோ மின் நிலையமாகவோ மாற்றாமல் விட்டுவைத்ததன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறொன்று தேவையில்லை.

ஓல்ட் ஃபெயித்ஃபுல்

மேல் கெய்சர் படுகையில் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் 150 கெய்சர்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. அவற்றுள் மிகப் புகழ்பெற்ற ஓல்ட் ஃபெயித்ஃபுல், 1870-இல் அங்கே வந்த வாஷ்பர்ன் ஆய்வுக் குழுவினரால் அப்பெயர் பெற்றது. 32 முதல் 56 மீட்டர் உயரம் வரை எழும் இதன் நீர்த்தூண் ஒன்றரை நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரை நிலைத்து, ஒவ்வொரு முறையும் 14,000 முதல் 32,000 லிட்டர் வரை கொதிநீரை வெளியேற்றுகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இதன் வாய்க்குள் கேமரா ஒன்றை இறக்கிப் பார்த்தபோது, சுமார் 7 மீட்டர் ஆழத்தில் வழி 10 சென்டிமீட்டர் அளவுக்குக் குறுகியிருப்பது தெரியவந்தது.

மணி அடித்தாற்போல இது பொங்குவதாக நிலவும் எண்ணம் சரியன்று. வெடிப்பு இரண்டரை நிமிடத்துக்குக் குறைவாக நீடித்தால் குழாயில் நீர் மிச்சமிருக்கும் என்பதால் அடுத்தது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வரும். அதற்கு மேல் நீடித்தால் ஒன்றரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். இந்தக் கணக்கைக் கொண்டு பூங்காவின் காவலர்களான ரேஞ்சர்கள், பத்து நிமிடம் முன்பின்னாக, அடுத்த வெடிப்பின் நேரத்தை அறிவிக்கிறார்கள். 1959 ஆகஸ்டில் 28 உயிர்களைப் பலிகொண்ட ஹெப்கன் ஏரி நிலநடுக்கமும் 1983-இல் ஐடஹோவில் நேர்ந்த போரா பீக் நிலநடுக்கமும் நிலத்தடி வழிகளை அசைத்ததில், இதன் இடைவெளி முன்பிருந்ததைவிட நீண்டுவிட்டது.

பெரும்பாலான பயணிகள் ஓல்ட் ஃபெயித்ஃபுல் ஓய்ந்ததும் உடனே வாகனம் ஏறிவிடுகிறார்கள். நல்ல வழிகாட்டி அந்த நேரத்தில் தம் குழுவை எதிர்த்திசையில் நடக்கச் செய்து, காஸில் கெய்சரின் பழமையான சிலிக்காக் கோபுரத்தையும், ஆற்றின் மீது வளைந்து பாயும் ரிவர்சைடு கெய்சரையும் கடந்து, மார்னிங் குளோரி குளம் வரை அழைத்துச் செல்கிறார். ஒரு காலத்தில் முற்றிலும் நீலமாக இருந்த அக்குளத்தில் பயணிகள் தலைமுறை தலைமுறையாக நாணயங்களையும் குப்பைகளையும் எறிந்ததால் வெந்நீர் வரும் துளைகள் அடைபட்டன, நீர் குளிர்ந்தது, குளிர்ந்த விளிம்பிலிருந்து மஞ்சள் நுண்ணுயிர்கள் உள்நோக்கிப் பரவின. 1950-இல் நீரை இறக்கித் துப்புரவு செய்தபோது ஆயிரக்கணக்கான காசுகள் வெளிவந்தன, ஆயினும் பழைய நிறம் திரும்பவில்லை. ஒருவர் எறிந்தது ஒரு காசுதான். கெட்டது ஒரு குளம்.

வளையத்தின் மறுபாதி

ஓல்ட் ஃபெயித்ஃபுலுக்குக் கிழக்கே சாலை, மழைநீரை அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களுக்கெனப் பிரித்தனுப்பும் கண்ட நீர்ப்பிரிமேட்டைக் கடந்து, யெல்லோஸ்டோன் ஏரியின் கரையிலுள்ள வெஸ்ட் தம்ப் படுகையை அடைகிறது. அங்கே வெந்நீர் ஊற்றுகள் குளிர்ந்த ஏரிக்குள்ளேயே வாய் திறந்திருக்கின்றன. ஏரிக்கு வடக்கே மட் வால்கேனோ பகுதியில் அமிலச் சேறு கொதிக்கிறது. அதையடுத்த ஹேடன் பள்ளத்தாக்கில் பைசன் என்னும் காட்டெருதுகள் கூட்டமாக மேய்கின்றன. 94 மீட்டர் உயர லோயர் அருவி விழும் பெரும்பள்ளத்தாக்கின் மஞ்சளும் சிவப்பும் கூட, பழங்காலத்தில் வெந்நீரும் நீராவியும் ரயோலைட் பாறையை வேதிமுறையில் மாற்றியதன் விளைவே என்பதை அறியும்போது, அருவியும் அன்றைய பாடத்தின் பகுதியாகிவிடுகிறது.

வளையம் முடியுமிடத்தில் நாரிஸ் படுகை இருக்கிறது. பூங்காவிலேயே மிகவும் வெப்பமான இப்பகுதியில் துளையிட்ட ஆய்வாளர்கள் சுமார் 330 மீட்டர் ஆழத்தில் 237 டிகிரி வெப்பத்தை அளந்தனர். 90 மீட்டருக்கு மேல் பாயக்கூடிய, உலகின் மிக உயரமான கெய்சரான ஸ்டீம்போட் இங்கே உள்ளது. 1911 முதல் 1961 வரை ஐம்பது ஆண்டுகள் வெடிக்காமலிருந்த இது, பின்னர் வந்த ஓய்வொன்றிலிருந்து 2018 மார்ச்சில் மீண்டும் விழித்து, 2019-இலும் 2020-இலும் ஆண்டுக்கு 48 முறை வெடித்தது. அதன் நேரத்தை எவராலும் முன்னறிவிக்க முடிவதில்லை.

பலகையை விட்டு இறங்கக் கூடாத நிலம்

யெல்லோஸ்டோனில் மனிதருக்கு மிகுந்த கேடு விளைவித்த இயற்கை அமைப்பு கரடியோ காட்டெருதோ அன்று, வெந்நீர் ஊற்றுதான். ஊற்றுகளைச் சுற்றியுள்ள வெண்தரை கெட்டியாகத் தோன்றினாலும் பல இடங்களில் கொதிநீரின் மீது படிந்த மெல்லிய ஓடாகவே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இதுவரை இருபதுக்கும் மேற்பட்டோர் இவ்வூற்றுகளில் வெந்து இறந்திருக்கின்றனர். அவர்களில் சிறுவர்களும் உண்டு. எனவே மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்குவதும், நீரைத் தொடுவதும், எதையும் எறிவதும் சட்டப்படி குற்றம். காட்டெருது போன்ற விலங்குகளிடமிருந்து 23 மீட்டரும், கரடி, ஓநாய்களிடமிருந்து 91 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்பதும் விதி.

நடைபாதையும் முழுப் பாதுகாப்பைத் தருவதில்லை. 2024 ஜூலை 23 அன்று, ஓல்ட் ஃபெயித்ஃபுலுக்குச் சில கிலோமீட்டர் வடக்கேயுள்ள பிஸ்கட் படுகையில், பிளாக் டைமண்ட் குளத்தின் அடியில் நீர் திடீரென ஆவியாகி வெடித்ததில் சேறும் கற்களும் உயரே வீசப்பட்டு நடைபாதை சிதைந்தது. அருகில் நின்றவர்கள் ஓடித் தப்பியதால் எவருக்கும் காயமில்லை. எரிமலைப் பெருவெடிப்பைப் பற்றிப் பயணிகள் கொள்ளும் அச்சத்தைவிட, இத்தகைய சிறு வெடிப்புகளே நடைமுறையில் கவனத்துக்குரியவை. சிறு குழுவின் நன்மை இங்கேதான் தெரிகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் ஒவ்வொரு குழந்தையும் எங்கே நிற்கிறது என்பது வழிகாட்டியின் கண்ணுக்குத் தப்பாது. ஐம்பது பேர் என்றால் அது இயலாது.

காப்பாற்றப்பட்ட கதை

இந்நிலம் 1870-களில் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்வது பிழை. 11,000 ஆண்டுகளாக மக்கள் இங்கே வாழ்ந்தும் வந்துசென்றும் இருக்கிறார்கள். 27 பூர்வகுடிகள் இந்நிலத்தோடு தங்களுக்குள்ள உறவை இன்றும் பேணுகிறார்கள். ஆப்சிடியன் கிளிஃப் என்ற குன்றின் எரிமலைக் கண்ணாடியில் அவர்கள் செய்த கருவிகள் தொலைதூர ஒஹாயோ வரை சென்றிருக்கின்றன. பூர்வகுடியினர் கெய்சர்களுக்கு அஞ்சி விலகியிருந்தார்கள் என்று தொடக்ககால நிர்வாகிகள் பரப்பிய கூற்றைப் பிற்கால ஆய்வுகள் மறுத்துள்ளன. இந்த வரலாற்றைச் சொல்லாத வழிகாட்டியின் விளக்கம் பாதி விளக்கமே.

1871-இல் ஹேடன் என்பவரின் தலைமையில் சென்ற அரசு ஆய்வுக் குழு கொண்டுவந்த தாமஸ் மோரனின் ஓவியங்களும் வில்லியம் ஹென்றி ஜாக்சனின் புகைப்படங்களும் நாடாளுமன்றத்தின் மனத்தை மாற்ற உதவின. அடுத்த ஆண்டே சட்டம் பிறந்தது. சட்டம் மட்டும் போதவில்லை. பயணிகள் சிலிக்காப் படிவுகளை உடைத்துச் சென்றார்கள். கெய்சர்களுக்குள் சோப்பைப் போட்டார்கள். கைக்குட்டையைப் போட்டால் இழுத்துக்கொண்டு சிறிது நேரத்தில் வெளியே தள்ளிய ஹேண்ட்கர்சீஃப் பூல் என்ற ஊற்று, கண்ட பொருள்களும் திணிக்கப்பட்டு அடைபட்டுப்போனது. 1886 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ராணுவமும், 1916-இல் தேசியப் பூங்காப் பணியகம் உருவான பின் ரேஞ்சர்களும் காவல் காத்ததால்தான் எஞ்சியவை பிழைத்தன.

பாதுகாக்கப்படாத இடங்களின் நிலை வேறு. நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958-இல் புவிவெப்ப மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், நிலத்தடி அழுத்தம் குறைந்து அங்கிருந்த கெய்சர்கள் ஓய்ந்துபோயின. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பெயோவாவே கெய்சர்களும் அவ்வாறே அழிந்தன. நிலத்தடி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பது தவறன்று. ஆனால் கெய்சர்களின் அடியிலிருந்து எடுத்தால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும்.

வழிகாட்டியுடன் கூடிய சிறு குழுப் பயணத்தைத் தேர்ந்தெடுக்க எண்ணுவோர், எத்தனை இடங்கள் என்று கேட்பதை விடுத்து, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்பார்கள், கெய்சர் படுகைகளில் நடக்க நேரம் தருவார்களா, அனுமதி பெற்ற வழிகாட்டியா என்று கேட்பது நல்லது. ஒரே நாளில் இரு வளையங்களையும் முடித்துத் தருவதாகச் சொல்லும் பயணத்தைவிட, கீழ் வளையத்தில் நான்கைந்து இடங்களை நிதானமாகக் காட்டும் பயணமே மேலானது. அங்கே சென்றபின் பயணி செய்ய வேண்டியவை மிகச் சில: பலகையை விட்டு இறங்கக் கூடாது, நீரைத் தொடக் கூடாது, எதையும் எறியவோ எடுத்துச் செல்லவோ கூடாது, உடன்வரும் பிள்ளைகளின் கையை விடக் கூடாது. இந்த நான்கையும் கடைப்பிடிப்பவர்களால்தான் உலகின் பாதிக் கெய்சர்கள் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கும்.